சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டர்

சாகினா ஊரில் என் கார் பட்டறைக்குப் போன வருடம் வந்த 1974-ஆம் வருடத்துக் கார் ஒன்று, பெல்ட் போடாமலே கிளம்பியது. அந்த வருடத்துக் கார்கள் அப்படிக் கிளம்பாது. முன்சீட்டில் பாரம் ஏறினால் பெல்ட் மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பஸ்ஸர் கத்தும், ஸ்டார்ட்டர் அசையாது. அதைப் புதிதாக வாங்கியிருந்த பிரென்ட், எந்த இடத்தில் வயரைத் துண்டித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பாரத்தை உணரும் சுவிட்சின் வயர்கள் பிடுங்கப்பட்டு, முனைகளில் ஏதோ சுற்றியிருந்தது. எங்கள் கறுப்பு டேப் இல்லை. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டும் துணிப் பிளாஸ்டர், பழுத்து மஞ்சளாகியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது வெர்னாவின் கார்.

வெர்னா ஸ்டகோவியாக் எழுபதுகளில் எங்கள் எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷன் ரோலண்ட் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தான். கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிப்பான். ஒரு தடவை காபிக் கெட்டிலிலிருந்து அவள் தோளில் கொதிநீரை ஊற்றினான். கோடையிலும்கூட அவள் முழுக்கைச் சட்டைதான் போட்டாள்.

ஒரு மார்ச் காலையில், இரவு ஷிப்ட் முடித்து அவன் தூங்கும்போது, ஐந்து வயது மகள் ட்ரூடியைப் பின்சீட்டில் உட்கார வைத்து, துணிப்பெட்டியைத் தன் பக்கத்து முன்சீட்டில் போட்டுச் சாவியைத் திருப்பினாள். பஸ்ஸர் கத்தியது. தன் பெல்ட்டை மாட்டித் திரும்பத் திருப்பினாள். மறுபடியும் கத்தியது. பெட்டியின் பாரத்தை ஆள் என்று கார் நினைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் ரோலண்ட் எழுந்து வந்தான். வீல் ஸ்பேனரால் கண்ணாடியை நொறுக்கி, பெல்ட்டைக் கழற்றி, முடியைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் கதவைப் பற்றிக்கொண்டாள். அந்தக் கையின் மேலேயே கதவை அறைந்து சாத்தினான், எலும்பு முறிகிற வரைக்கும்.

பனியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். மாவுக்கட்டோடு திரும்பியவள், பெட்ரோல் பங்க்கில் ஒருவரிடம் அந்தப் பஸ்ஸரைப் பற்றிப் பேச்சுவாக்கில் விசாரித்திருக்கிறாள். பாதி ஊர் சீட்டுக்கு அடியிலிருக்கும் வயரைப் பிடுங்கிப் போட்டிருப்பதாக அவர் சொன்னாராம். ரோலண்ட் ஆலைக்குப் போன பிறகு காரின் தரையில் படுத்து, ஒரு கையாலும் பல்லாலும் வயரைப் பிடுங்கி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டரைச் சுற்றி வேலையை முடித்தாள்.

மே மாதம் சாப்பாட்டு மேஜையில், பால் சிந்தியதற்காக ட்ரூடியின் முகத்தில் அடித்தான். குழந்தைமேல் அவன் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவளைத் தூக்கிக்கொண்டு வெர்னா காருக்கு ஓடினாள். அவன் சுத்தியலோடு முன்னால் வந்து நின்றான்.

"ஸ்டார்ட் பண்ணுடி, பாக்கலாம்," என்று சிரித்தான்.

எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. சுத்தியல் முன்கண்ணாடியில் இறங்கியது. சில்லு அவள் நெற்றியைக் கிழித்தது. அவள் நிறுத்தவில்லை. அவனைக் கீழே தள்ளி, காலின் மேல் ஏறி இறங்கி, கார் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது.

கொலை முயற்சி என்று அவள்மேல் வழக்குப் போட்டார்கள். நானும் கோர்ட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பிளாஸ்டர் சுற்றிய அந்த வயரின் படத்தைக் காட்டி, இது முன்கூட்டியே போட்ட திட்டம் என்றார் அரசு வக்கீல்.

"இந்த வயரை எதுக்கும்மா பிடுங்கினீங்க?"

வெர்னா கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "முதல் தடவை வண்டி கிளம்பல சார். அதுக்குக் கிடைச்சது இது. இன்னொரு தடவை கிளம்பலேன்னா என் மக செத்திருப்பா."

ஜூரிகள் அவளை விடுதலை செய்தார்கள். நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே ரோலண்ட் ஊன்றுகோலால் அவள் வாயில் அடித்தான். இரண்டு பற்கள் போயின. அத்தனை பேர் பார்த்ததால் அவன் முதல் முறையாக ஜெயிலுக்குப் போனான்.

வெர்னா காரை விற்றுவிட்டு வடக்கே மார்க்கெட் என்ற ஊருக்குப் போய், சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டினாள். சில வருடம் கழித்து ரோலண்ட் அங்கேயும் தேடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். அவள் துப்பாக்கியோடு திறந்து, அவனுடைய நல்ல காலுக்கு அருகில் மரப்படியைச் சுட்டாள். மரச் சிதறல் அவன் முழங்காலில் பாய்ந்தது.

"அடுத்தது உள்ள போகும், ரோலண்ட்," என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை என்று ட்ரூடி பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

அவன் நொண்டியபடியே போனான். பிறகு வரவில்லை. அவன் செத்த செய்தி வந்த அன்று பனிப்புயல். வெர்னா வழக்கம்போல் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி, இருட்டும் வரை சாலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாளாம்.