ரோசாக் கலர் பை

எங்க வீட்டுல பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. முப்பதாம் நாள் கழியுற வரைக்கும் புழங்கின துணிதான். என் இளைய மகள் பிறந்தப்ப நைஞ்ச வேட்டியெல்லாம் தீர்ந்துபோச்சு. என் வீட்டுக்காரரோட அக்காவை மதினின்னு கூப்பிடுவேன். அவங்க பரண்ல கிடந்த காடாத்துணிப் பையை எடுத்தாங்க. மக்காச்சோள விதை வந்த பை.

"பையும் பழசுதானேடி? ஒம் மக பட்டு மெத்தையா கேட்டா?"

துவைச்சா தண்ணி ரோசாக் கலரா ஓடுச்சு. திரும்பத் துவைச்சாலும் ஓடுச்சு.

"குங்குமம் கரைச்ச மாதிரி இருக்கு பாரு. மாரியாத்தா குடுத்த துணி" ன்னாங்க. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

பையில இங்கிலீசுல என்னமோ எழுதியிருந்துச்சு. எழுத்து பிள்ளையை உறுத்தக் கூடாதுன்னு, அது உள்ள போற மாதிரி மடிச்சுக் குட்டி மெத்தையா மிஷின்ல தச்சாங்க. தைக்கும்போது மடிப்புல ஒட்டியிருந்த விதைகளை வீட்டு முத்தத்துல உதறுனாங்க. அதுவும் ரோசாக் கலர்தான். கோழிங்க ஓடி வந்துச்சு.

தொட்டில்ல விரிச்சுப் பிள்ளையைப் போட்டேன். வாயில பட்ட துணி முனையைச் சப்பிக்கிட்டே தூங்கிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சுத் துணி காயப்போட வெளியே வந்தேன். சாம்பக் கோழி கழுத்தைத் திருகிக்கிட்டு ஒரே எடத்துல சுத்துச்சு. தண்ணித் தொட்டிக்கிட்ட இன்னொண்ணு வாயைப் பிளந்து கிடந்துச்சு.

"கழிச்சல் நோவா இருக்கும். அங்கிட்டுத் தூக்கிப் போடு" ன்னாங்க மதினி.

தூக்குனேன். அலகு ரோசாக் கலரா இருந்துச்சு.

"மதினி, பிள்ளை!"

உள்ள ஓடுனேன். துணி முனை எச்சில்ல ஊறியிருந்துச்சு. பிள்ளை உதட்டுலயும் அந்தக் கலர். தட்டுனேன், கண்ணு முழிக்கலை. வாயைத் தண்ணியால தொடச்சு விட்டேன். ஆத்தா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம், இது அழுதாப் போதும்னு கும்பிட்டேன். உள்ளங்கால்ல சுண்டுனதும் லேசா முனகுச்சு, அழுகலை.

ஆட்டோ பிடிச்சுக் கறம்பக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். விதையில ரோசாக் கலர் கலந்த பூச்சிமருந்து தடவி விப்பாங்கன்னு, பிள்ளையைச் சோதிச்சுப் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க. "பால் குடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. குடிச்சாப் பயமில்லை."

பெஞ்சுல உக்காந்து மாரைக் குடுத்தேன். தலையைத் திருப்பிக்கிட்டா. மறுபடி குடுத்தேன். ரொம்ப நேரம் கழிச்சுப் பிடிச்சுக் குடிச்சா. அப்பதான் மதினி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதாங்க.

வீட்டுக்கு வந்ததும் மதினி அந்த மெத்தையைப் பிரிச்சாங்க. மறைச்சுத் தச்ச எழுத்து வெளிய வந்துச்சு. பக்கத்துலயே, மடிக்கும்போது நாங்க ரெண்டு பேரும் கவனிக்காத ஒரு மண்டையோட்டுப் படம். படிக்காதவங்களுக்கும் புரியுற படம். கோழிகளோட சேத்து அதையும் குழியில போட்டு மூடுனாங்க.