பென் ட்ரைவ்களுக்கும் பெரட்டு

பிரேமலதாவுக்கு நாங்கள் கொடுத்த வேலை டைப் அடிப்பது மட்டும்தான். 2008ஆம் ஆண்டு, பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தொடவே எனக்குப் பயம். பெரிய கிளாக்கர் என்று பெயர், இருபத்தாறு வருட சர்வீஸ், ஆனாலும் பயம். கொழுந்து பறிக்கும் மூக்காயியின் மகள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், டவுனில் ஆறு மாதம் கோர்ஸ் படித்துவிட்டு வந்து அதன் முன்னால் சட்டமாக உட்கார்ந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. மறைப்பானேன்.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரம். எல்லாரும் அடையாள அட்டை இல்லாத தோட்டத்து ஆட்கள். லயம் லயமாகப் போய்ப் பெயர் கேட்டு, பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்குச் சாட்சி தேடி, ஐந்து மாதமாக அடித்திருந்தாள். யுத்த காலம். அட்டை இல்லாமல் பஸ் ஏறி, செக்பொயின்ட்டில் இறக்கி நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத்தான் தெரியும். மூக்காயிக்கும் அட்டை இல்லை. அந்த வாரச் சனிக்கிழமை டவுனில் அட்டைக்குப் பதியும் நடமாடும் சேவை. அன்று பட்டியலைக் கொடுக்காவிட்டால் அடுத்த சேவை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் பட்டியலைக் காணோம். அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. நகல் வைத்திருந்த பென் ட்ரைவிலும் அதே கதை.

"வைரஸுங்க ஐயா," என்றாள்.

அப்போது ஊரெல்லாம் சிக்குன்குனியா காய்ச்சல். ஸ்டோர்காரர் தன் பென் ட்ரைவை டெட்டாலில் துடைத்து வெயிலில் காயவைத்தார். நாங்கள் சிரித்தோம். தோட்டத்து மேனேஜரான துரை சிரிக்கவில்லை. வியாழக்கிழமை இரத்தினபுரியிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவான் என்று சொல்லிவிட்டார். அழித்தால் பட்டியலும் போச்சு.

எங்கள் கம்பனிக்குப் பதினொரு தோட்டங்கள். பிரேமலதா மற்ற பத்து ஆபீசுக்கும் போன் போட்டு, இப்படி வைரஸ் வந்ததா என்று கேட்டாள். பத்து இடத்திலும் ஒரே பதில்: "இங்க ஒண்ணுமில்ல."

"பொய் சொல்றாங்க ஐயா. வந்துச்சுன்னு சொன்னா தொரை ஏசுவாருன்னு பயம்."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மகளின் சடங்குக்கு அழைப்பிதழ் அடிக்க, ஆபீஸ் பென் ட்ரைவை டவுனுக்கு, மக்கீன் நானாவின் போன், பிரின்ட் எடுக்கும் கொமியூனிகேஷன் கடைக்கு எடுத்துப்போனவன் நான். திங்கட்கிழமை ஒன்றுமே தெரியாதவன் மாதிரி அதை அவளிடம் நீட்டியவனும் நான். செவ்வாய் முழுக்க அதை மறைத்தேன்.

புதன்கிழமை அவள் ஒரு கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எந்த நாள், எந்தப் பெயரில் வந்தது, என்ன செய்தது, அதற்கு முன் அந்த பென் ட்ரைவ் எங்கே போனது என்று நான்கு கட்டங்கள். யார் கொண்டுவந்தது என்று மட்டும் கட்டம் இல்லை.

"தேயிலையில கொப்புள நோய் வந்தா என்னங்க ஐயா கேப்பாங்க? எந்த மலை, எந்த நாளு, எலை எப்படி இருந்துச்சு. அத விட்டுட்டு யாரு குத்தம்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த மலையும் சேந்து போயிரும். எனக்கு யாரு பேரும் வேணாங்க."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் 'ஞாயிறு, டவுன் கொமியூனிகேஷன்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மக்கீன் நானா போனில் முதலில் மழுப்பினார். நான் என் கதையைச் சொன்னதும், "கடைட பேர் கெட்டுப் போகும்னு சொல்லாம இருந்தேன். இந்தக் கெழம ஏழு பேர்ட பென் ட்ரைவ்ல இது ஈக்கி," என்று நாள் வாரியாக ஒப்பித்தார்.

பிறகு பத்துத் தோட்டங்களுக்கும் நானே மறுபடி பேசினேன். "எங்க ஆபீசுக்குள்ள இத கொண்டாந்தது நான்தான்," என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்தேன். நாலாவதாகப் பேசியது தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்துக் கிளாக்கரிடம். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குமா? ஐயோ, அழிச்சிராதீங்க! ஃபைலு எங்கயும் போகல. அது ஒளிச்சு வச்சிட்டு, அதே பேருல பொய் ஃபோல்டர காட்டுது."

ஒளித்ததை வெளியே எடுக்க ஒரே ஒரு வரி கட்டளை. எழுத்து எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல பிரேமலதா அடித்தாள். பட்டியல் வந்துவிட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். ஆபீஸ் என்றும் பாராமல் நான் வாய்விட்டு அழுதேன். அழுத கையோடு துரையிடம் போய் உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் அழிக்க வரும் ஆளை நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து ஆபீசில் பென் ட்ரைவ்களுக்கும் பெரட்டு வந்தது. காலையில் ஆட்கள் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்த பிறகுதான் மலைக்குப் போவார்கள். அதேபோல ஒவ்வொரு பென் ட்ரைவும் ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் மெஷினில் சோதனை முடிந்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். மற்றத் தோட்டங்களும் தங்களுக்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தன. கொப்பி நிறைந்துகொண்டே போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. "தங்கச்சி, இன்னைக்கு புதுசா ஒண்ணு. 'ஐடென்டி'னு அடையாள அட்டை பேரப் போட்டு வருது. தொறந்துறாதீங்க."

அரை மணி நேரத்தில் எங்கள் கீழ்ப்பிரிவு கிளாக்கர் இந்திரகுமார் மூச்சு வாங்க ஓடிவந்தார். விடுபட்ட சாட்சிக் கடிதங்கள் அவர் பென் ட்ரைவில் இருந்தன.

"அவசரம் புள்ள, பெரட்டெல்லாம் நாளைக்கு வச்சுக்கலாம்."

"இல்லீங்க ஐயா. பெரட்டுக்கு நிக்கட்டும்."

பழைய மெஷினில் போட்டுப் பார்த்தால், அதே 'ஐடென்டி'. கடிதங்களை மட்டும் பிரித்து எடுத்தாள். பட்டியலுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தப் போன் வந்திராவிட்டால், அவசரத்துக்கு நானே அதை நேராகத் திறக்கச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை இரண்டு லொறியில் ஜனம் இறங்கியது. மேசையில் இருந்த சிங்கள அதிகாரி பட்டியலைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தார். லயம் வாரியாக, பிரிவு வாரியாக, ஒரு பிழை இல்லை.

"மேக்க ஹெதுவே கவுத?" என்று கேட்டார். இதைத் தயாரித்தது யார் என்று.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். வரிசையில் முதலாவதாக, கைநாட்டு வைக்க மையில் பெருவிரலை அமுக்கியபடி நின்ற மூக்காயி முந்திக்கொண்டாள்.

"மகே துவ, மாத்தயா," என்றாள். "எம் மகதான்."