பாதி ஸ்வேலேக்கு நட்டு கிடையாது

யோஸ்தைனின் பையிலிருந்து முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டபோது சாவிக்கொத்து என்றுதான் நினைத்தேன். பனி உருகத் தொடங்கியிருந்த நேரம். காலையின் முதல் நடைக்கு எங்கள் படகில் கார்களை ஏற்றிவிட்டு மேலே என் கடைக்கு வந்தவன் ஒரு ஸ்வேலே அப்பம் வாங்கினான். வாங்கியவன் உடனே வாயில் வைக்கவில்லை. இடது பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தான். வலது பைக்குள் போட்டான். கிணுங் என்றது. அதற்குப் பிறகுதான் கடித்தான்.

எனக்கு ஒரு சுபாவம் உண்டு. அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"என்னடா அது பையில?"

"ஒண்ணுமில்ல இங்குன்."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சத்தம்?"

"கப்பல்ல ஏதாவது லூசா இருக்கும். மக்னார்கிட்ட சொல்லு, முடுக்கி விடுவான்," என்று சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டான்.

மக்னார் எங்கள் என்ஜின் ரூம் ஆள். அவனிடம் கேட்டால் தோளைக் குலுக்குவான். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடத்துக்குப் போகிறவன், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டான். அந்த வேலைக்குத்தான் நான் இருக்கிறேனே!

யோஸ்தைன் அக்கரைத் தீவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு இந்தப் படகில் ஏறினான், இன்றுவரை இறங்கவில்லை. கதவுக்குள் அடங்காத உடம்பு. ஆனால் கார்த்தளத்தில் நின்று இரண்டு விரலை அசைத்தானென்றால் எவ்வளவு பெரிய லாரியும் ஆட்டுக்குட்டி மாதிரி அடங்கி வந்து நிற்கும். ஒரு தடவை கல்யாணம் செய்துகொண்டான். படகுச் சத்தத்தில் தூக்கமில்லை என்று அவள் நகரத்துக்குப் போனாள். படகுச் சத்தம் இல்லாவிட்டால் தனக்குத் தூக்கமில்லை என்று இவன் இங்கேயே இருந்துவிட்டான். நல்லபடியாகவே பிரிந்தார்கள், கிறிஸ்துமஸுக்கு இன்னமும் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள்.

என் ஸ்வேலேயைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாது, பேசாமல் இருக்கவும் முடியாது. கல்லில் தடிமனாகச் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, மடித்துச் சுடச்சுடக் கையில் கொடுப்பேன். அதைத் தின்னாமல் இறங்கினவன் இந்த ஃபியோர்டுக் கடல்கழியைத் தாண்டியதாகவே நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. யோஸ்தைனோ நாள் முழுக்கத் தாண்டுகிறவன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு காப்பிக் கெண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"சொன்னாத்தான் காப்பி."

"அடிப்பாவி! இது அநியாயம்."

"அநியாயம்தான். சொல்லு."

இடது பையில் இருந்ததை அப்படியே கவுண்டரில் கொட்டினான். சாதாரண இரும்பு நட்டுகள். மக்னாரின் டப்பாவிலிருந்து எடுத்தவை.

விஷயம் இதுதான். கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கு டாக்டர் உடல்தகுதிச் சான்று தரவேண்டும். இவனுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. இலையுதிர் காலம் வரை தவணை கொடுத்திருந்தாள் டாக்டரம்மா. அதற்குள் இறங்காவிட்டால் கையெழுத்து கிடையாது. படகும் கிடையாது.

"கரையில நின்னுக்கிட்டு நான் என்ன பண்றது இங்குன்? படகு போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டிருக்கவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்லில் ஒன்றும் இல்லாமலே அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடுவதையெல்லாம் போனில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டரம்மா. "ஈரக் கையோட போனை நோண்டிக்கிட்டிருந்தா லாரி கடலுக்குள்ள போயிடும்," என்றான். அதனால் நட்டு. காலையில் எல்லாம் இடது பையில். இனிப்பு ஏதாவது தின்ன வேண்டுமானால் முதலில் ஒரு நட்டு வலப்பக்கம் போகவேண்டும். இடது பை காலியானால் அன்றைக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். திங்கட்கிழமைதோறும் ஒரு நட்டைப் பையிலிருந்து எடுத்து, தன் பெட்டிக்குள் தொங்கும் நீளமான போல்ட்டில் திருகி விடுவான். அந்த நட்டு திரும்பிப் பைக்கு வராது.

"கை பைக்குள்ள போகுது பாரு, அந்த நேரத்துல ஒரு யோசனை வருது. நிஜமாவே வேணுமா, சும்மா கேக்குதான்னு. பாதி தடவை சும்மாதான் கேக்குது."

எனக்கு அது பிடித்துப்போனது. மனுஷன் தன் வாயோடு பேச்சுவார்த்தை நடத்த இரும்பைத் தூது அனுப்புகிறான்!

கோடை வந்தது. போல்ட் நிரம்பிக்கொண்டே வந்தது, பை இளைத்துக்கொண்டே வந்தது. இளைக்க வேண்டியவன் மட்டும் இளைக்கவில்லை. பெல்ட் அதே ஓட்டையில் நின்றது. நடுக்கோடை சமயத்தில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

அன்றைக்கு அவன் மேலே வந்து உட்கார்ந்தான். காப்பி ஆறிப்போனது.

"ஒரு நாளைக்கு ஒரே நட்டு இங்குன். சத்தியமா ஒண்ணே ஒண்ணு. அப்புறம் எப்படி?"

பொய் சொல்கிற ஆளில்லை அவன். சர்க்கரையும் பொய் சொல்லாது. அப்படியானால் இந்த இனிப்பு எந்த வழியாக உள்ளே போகிறது? என் மண்டை குடைந்தது. மறுநாள் முதல் சுடுவதைச் சுட்டுக்கொண்டே ஒரு கண்ணை அவன்மேல் வைத்தேன்.

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பார்த்ததை நம்பத்தான் நேரமாயிற்று.

எங்கள் ஊர்ப்பக்கம் தட்டில் கடைசியாக ஒன்று மிஞ்சினால் அதை முழுதாக எடுப்பவன் மனிதனே இல்லை. பாதியாக வெட்டுவோம். அடுத்து வருகிறவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார். அதற்கடுத்தவர் அதையும் வெட்டுவார். கடைசியில் நகக்கண் அளவு துண்டு ஒன்று காய்ந்து கிடக்கும், அதைத் தட்டோடு கழுவுகிறவள் நான். யோஸ்தைன் கத்தியும் கையுமாக அலைந்துகொண்டிருந்தான். ஆட்கள் உட்காரும் அறையில் ஒரு பாதி. மேலே கேப்டன் அறையில் ஒரு பாதி. துறைமுகத்தில் கயிறு பிடிக்கிறவனின் பிஸ்கட் தட்டில் ஒன்று. என் கவுண்டரில் ஒன்று. ஒன்றுக்காவது கை பைக்குள் போகவேண்டுமே!

"யோஸ்தைன், பாதிக்கு நட்டு எங்கே?"

"எந்தப் பாதிக்கு?"

"இப்போ வாயில இருக்கே, அந்தப் பாதிக்கு."

முழுங்கிவிட்டு என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தான். "பாதி எப்படி ஸ்வேலே ஆகும்? அது சாப்பாடா? மரியாதைக்காகத் தொடறது!"

"மரியாதை வயித்துக்குள்ள போனா சர்க்கரைதான்டா!"

நியாயம் கேட்க மக்னாரைக் கூப்பிட்டேன். அவன் தொப்பியைக் கழற்றி யோசித்தான். "பாதியைக் கணக்குல சேக்கிற வழக்கமில்லையே," என்றான். சரிதான் போ! இதில் கொடுமை என்னவென்றால் எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது. பாதியைத் தின்றேன் என்று எங்கள் ஊரில் இதுவரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறேனா? பாதிகளெல்லாம் சேர்ந்தால் எவ்வளவு ஆகிறது என்று கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

"ஒரே ஒரு நாள்," என்றேன். "வெட்டுற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாஷர். வலது பையில போடு."

மக்னார் ஒரு கை நிறைய வாஷர் கொண்டுவந்து கொடுத்தான். மத்தியானம் இன்னொரு கை கேட்டு ஆள் வந்தது. சாயங்கால நடைக்குள் யோஸ்தைனின் வலது பை முட்டிவரை தொங்கியது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீன் லாரியைப் பின்னால் வரச் சொன்னான். லாரிக்காரன் சிரித்த சிரிப்பு மேலே எனக்குக் கேட்டது.

இறங்கும் கூட்டம் போனபிறகு வந்து எல்லாவற்றையும் கவுண்டரில் கொட்டினான். குவியலைப் பார்த்தபடி நின்றான். கேலி செய்யத் தயாராக இருந்த நான் வாஷர்களை எண்ணத் தொடங்கினேன்.

"இவ்வளவுமா நான் தின்னேன்?" என்றான் மெதுவாக. "எனக்குத் தெரியவே தெரியாது இங்குன்."

தெரிந்துவிட்டால் போதுமா? மறுநாள் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தட்டில் கடைசி ஸ்வேலே, பக்கத்தில் கத்தி. கேப்டன் வெட்டினார், சிறு பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, பெரிய பாதியை யோஸ்தைன் பக்கம் தள்ளினார். அது வழக்கம். வேண்டாம் என்றால் தள்ளியவருக்கு அவமானம், எடுத்தால் இவன் கரைக்குப் போவான். யோஸ்தைனின் காது சிவந்தது. கை கத்திப் பக்கம் போய் நின்றது. நேற்று வாஷர் குவியலைப் பார்த்து என்ன பிரயோஜனம்? இத்தனை கண்களுக்கு முன்னால் கை தானாகத்தான் நீண்டது.

அப்போது மக்னார் எழுந்தான். எட்டி அந்தத் துண்டை எடுத்தான். வெட்டவில்லை. முழுதாக வாயில் போட்டு, எல்லோரையும் பார்த்தபடி மென்றான். பிறந்ததிலிருந்து ஒரு தட்டைக்கூடக் காலி செய்யாத மனுஷன். கழுத்துவரை சிவந்துபோனான், கண்ணில் தண்ணீர் முட்டியது. கேப்டன் வாயைத் திறந்தவர் மூட மறந்தார்.

"மரியாதை கெட்டவனே!" என்றான் யோஸ்தைன். காப்பிக் கெண்டியை எடுத்து மக்னாரின் கோப்பையை நிரப்பினான்.

அன்றிலிருந்து கடைசித் துண்டு மக்னாருடையது. யாரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தட்டு அவன் பக்கம் போகும், அவன் தலையைக் குனிந்துகொண்டு தின்பான். ஒவ்வொரு தடவையும் சிவப்பான், பழகவே இல்லை. விஷயம் தெரியாத புது ஆட்கள் அவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதுக்கும் வந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஆனால் யாரிடமும் விளக்கக்கூடாது என்று அவன் என்னிடம் கேட்டுக்கொண்டான்.

இலையுதிர் காலத்தில் ஒரு காற்றடிக்கும் நாளில் யோஸ்தைன் டாக்டரிடமிருந்து நேரே படகுக்கு வந்தான். கவுண்டரைத் தாண்டிப் போனான், காப்பி என்றேன், நிற்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளுமா? கல்லை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அவன் இரும்புப் படிகளில் என்ஜின் ரூமுக்கு இறங்கினான்.

அங்கே பேசினால் கேட்காது. காதுக் கவசத்தோடு குனிந்திருந்த மக்னாரின் தோளைத் தொட்டு, காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தான். மக்னார் கவசத்தைக் கழற்றினான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டான், வாங்கிப் படித்தான். டாக்டரம்மாவின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்போ இனிமே கடைசித் துண்டை நான் எடுக்க வேண்டாமா?" என்று கத்தினான். முகத்தில் அவ்வளவு ஆசை.

"எடுக்கணும்டா," என்று திருப்பிக் கத்தினான் யோஸ்தைன். "நான் இந்தப் படகுல இருக்கிற வரைக்கும்!"

மக்னார் காகிதத்தை மடித்துக் கொடுத்தான். "சரி," என்றான்.