தட்டு என்னைக் கடந்துபோன ஞாயிறுகள்

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்ட தையற்காரி நான். சபையில் சாட்சி சொல்ல எழும்பச் சொன்னால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிடுவேன். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவள் இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள். அவள் இதை எழுதமாட்டாள் என்று தெரிந்துதான் நான் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளும் நானும் தேற்றாத்தீவுக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவே வளர்ந்தவர்கள். ஒரே வயது. சபையில் ஒரே பாயில் இருப்போம். நான் தையல் பழகப் போன பிறகும் அவள் உயர்தரம் படித்தாள். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வருஷம்தான் கடல் வந்தது. நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. அவள் வாவிக்கரையில் இருந்த எங்கள் சபையில் பாடிக்கொண்டிருந்தாள். நான் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தேன். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். தலைக்கு மேல் தண்ணீர் போய், வேலிக் கம்பியில் கால் மாட்டி, பிறகு எப்படியோ ஒரு பூவரசைப் பிடித்தேன். அம்மாவும் தப்பினார். வீடு போய்விட்டது.

அதற்குப் பிறகு என்னால் தலையில் தண்ணீர் வார்க்க முடியவில்லை. கழுத்துக்குக் கீழேதான் குளிப்பேன். தலை கழுவ வேண்டிய நாளில் அவள் வருவாள். என்னைப் பின்னால் சாய்த்து, நெற்றியைக் கையால் மறைத்து, கோப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். இதை வேறு யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை.

எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விபரம் தெரிந்த வயதில் தாங்களாகக் கேட்டு, வாவியில் முழுகி எடுக்க வேண்டும். அதை எடுக்காதவர்களுக்குத் திருவிருந்து இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் திராட்சை ரசமும் ஒரு தட்டில் வரும். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் தட்டை வாங்கி, ஒன்றையும் தொடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழகத்தில் இடம். அன்றைக்கே என்னிடம் வந்தாள்.

"போறதுக்கு முதல் ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுப்பம்கா. அங்க ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க. நான் ஆர் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"எனக்கு ஏலாது எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"பழகுவம்."

கிணற்றடியில் பழகினோம். மூன்று என்று எண்ணி ஒரு வாளி ஊற்றுவதாகச் சொன்னாள். இரண்டிலேயே ஊற்றிவிட்டாள்.

"மூண்டு எண்டு சொல்லிப்போட்டு ரெண்டில ஊத்திற? நீயெல்லாம் கணக்குப் படிக்கவா போறாய்?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினேன். அவள் வாளியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்கப் பழகினோம். இனி முடியும் என்று நானும் நம்பினேன்.

ஆனால் வாவியில் முழங்கால் அளவுக்குத்தான் போனேன். போதகர் ஐயா இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினார். கரையில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மெதுவாக அசைந்தது, அவ்வளவுதான். நான் கிறுகிக் கரைக்கே ஓடிவந்துவிட்டேன்.

"இவளுக்கு இனி வாளிக்குள்ள வெச்சித்தான் குடுக்கணும் போல," என்று ஒரு மாமி சொல்ல, கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் முழுகினாள்.

அடுத்த முதல் ஞாயிறு தட்டு வந்தபோது நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் எடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு தடவையாவது அந்தத் தட்டிலிருந்து நானும் எடுக்க வேண்டும் என்று. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வாவிக்குள் இறங்க வேண்டியிருந்தது.

கம்பஸிலிருந்து அவள் மாதம் ஒருமுறை வருவாள். செங்கலடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் மாறி, வழியெல்லாம் இறங்கி ஏறி இராணுவச் சோதனை முடித்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பாடச் சொன்னபோது எல்லாரும் சினிமாப் பாட்டுப் பாட, இவள் கீர்த்தனை பாடியிருக்கிறாள். அதோடு அவளுக்குப் 'பாஸ்டரம்மா' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமைதான். ஏழெட்டுப் பேர் வெறும் வகுப்பறை ஒன்றில் கூடி ஜெபிக்கிறார்கள் என்றாள். நான் கேட்டுக்கொண்டே தைப்பேன். அந்த அறையில் ஒரு மூலையில் எனக்கும் இடம் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

சண்டை மூண்டதும் வரவு குறைந்தது. கடைசி வருஷம் இரண்டே தடவை வந்தாள். போர் முடிந்து சில மாதங்களில் படிப்பும் முடிந்தது. அதற்குள் வீட்டில் வெளிநாட்டுக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவள் போவதற்கு முந்தின நாள் முதல் ஞாயிறாக அமைந்தது.

பழைய இடத்திலேயே இருந்தோம். தட்டு வந்தது. நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவளும் எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். "என்னத்துக்குக்கா எடுக்கல்ல? எனக்காகவா?"

"இல்லகா. கம்பஸில என்ர அறையில முல்லைத்தீவுப் புள்ள ஒண்டு இருந்தா. வீட்டாக்கள்ற செய்தி இல்ல எண்டு அழுவா. ஒவ்வொரு நாளும் அவக்காக ஜெபிச்சன். கட்டாயம் வருவாங்க எண்டு சொல்லிச் சொல்லி ஜெபிச்சன். ஒருத்தரும் மிஞ்சல்ல. அந்தப் புள்ள என்னை ஒண்டும் கேக்கல்ல. அதுக்கு மறுகா ஜெபிக்கக் கண்ணை மூடினா எனக்கு ஒண்டும் வருகுதில்ல."

அவளுக்குச் சொல்லும் அளவுக்கு நான் என்ன படித்தவள்? அன்று பின்னேரம் நான்கு பேருக்கு ஞானஸ்நானம் என்று போதகர் ஐயா அறிவித்திருந்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியாது. அவரிடம் போய், "ஐயா, நானும்," என்றேன்.

"இந்த முறை ஓடமாட்டீங்கதானே மகள்?" என்றார்.

எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள். "நான் பிடிச்சிக்கொண்டு வாறன் ஐயா."

பின்னேரம் உடுத்திருந்த சேலையோடு என்னுடன் வாவியில் இறங்கினாள். சேறு காலை இழுத்தது. முழங்கால், தொடை, இடுப்பு. என் கையை நோகும்படி பிடித்திருந்தாள். போதகர் ஐயா என்னைச் சாய்த்தபோது அவளுடைய மற்றக் கை என் நெற்றிக்கு வந்தது. தண்ணீர் முகத்தை மூடியது. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு வெளிச்சம்.

"தலையெல்லாம் பாசிகா," என்றாள். அழுதுகொண்டு சொன்னாள்.

கரைக்கு வந்து துவாயைப் போர்த்தியதும், "அடுத்த மாசம் தட்டு வரக்குள்ள..." என்று தொடங்கினேன்.

"அடுத்த மாசம் நான் இஞ்ச இல்லையே."

"இஞ்ச இருந்தா, நீ எடுக்காட்டியும் பக்கத்தில இருந்திருப்பாய்."

"எனக்கும் சேத்து நீயே எடு."

"அப்பிடி ஒருத்தருக்காக இன்னொருத்தர் எடுக்கேலாது. உனக்குத் தெரியும்தானே."

"தெரியும்," என்றாள்.

மறுநாள் விடிய அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வந்தது. நான் வழியனுப்பப் போகவில்லை. தையற்கடையில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்க இருந்தன. பத்து மணிவரை மெஷின் ஓட்டக் கரண்ட் இல்லை. பிறகு வந்தது.