முத்திரை வைத்த பீரோ

உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. ஆட்டு ரத்தம் கலந்த கூழ் அதில் சிவப்பாக உறைந்திருக்கும். என் அண்ணியின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சீழை அதன்மேல் நானேதான் தடவினேன். அப்போது சித்தூர்ச் சீமையில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் எனக்கு லேப் உதவியாளர் வேலை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வடிதாளை ஆபீசில் காகிதத்துக்கு ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினால் வட்டவட்டமாகக் குத்தி, ஒவ்வொன்றையும் ஒரு மருந்தில் நனைத்து, தடவிய சீழின்மேல் வைப்போம். தட்டு ஓர் இரவு சூட்டுப்பெட்டியில் இருக்கும். மருந்து கிருமியைக் கொன்றால் தாளைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். கொல்லாவிட்டால் தாளின் விளிம்புவரை மொய்த்துக் கிடக்கும். மறுநாள் காலையில் பென்சிலின் தாளை முட்டிக்கொண்டு கிருமி மொய்த்திருந்தது. பக்கத்திலேயே குளோரம்பெனிகால் தாளைச் சுற்றி, பச்சைப் பிள்ளையின் கைவளையல் அளவுக்குச் சுத்தமான வட்டம்.

அண்ணிக்கு அது தலைப்பிரசவம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குத்தான் பால் கட்டி, சீழ் வைத்து, காய்ச்சல் ஏறியது. அந்தக் கிருமி எங்கள் பிரசவ வார்டிலேயே குடியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அதை யாரும் கொண்டுவரவில்லை. அங்கே பெற்றுக்கொள்ளச் சொல்லி அவளைக் கூட்டி வந்தவர்கள் நாங்கள். "ஊசி குத்திக்கினே கீறாங்க பாப்பா, ஜுரம் மட்டும் எறங்க மாட்டேங்குது" என்றாள் என்னிடம். குத்தியதெல்லாம் பென்சிலின். அந்தக் காலத்தில் பென்சிலின் என்றால் டாக்டர்களுக்கே சாமி மாதிரி.

தட்டைத் துணியில் மூடிக்கொண்டு சூப்பரின்டெண்ட் அறைக்கு ஓடினேன். அவர் பார்த்தார். புரியாத மனிதர் இல்லை, வட்டத்தின் அர்த்தம் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். வேண்டிய மருந்து எங்கள் ஸ்டோரிலேயே, அவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் பீரோவில் இருந்தது. ஆனால் பீரோவின் கதவில் துணி ஒட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணிப் பக்கம் மெட்ராஸோடு சேரப்போகிற சமயம் அது. மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். மருந்தையும் பிரித்து, மெட்ராஸோடு சேரும் அந்தப் பக்கத்துப் பங்கை முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"அது அவுங்க பங்கும்மா. சீல் ஒடச்சா என் உத்தியோகம் போயிடும்" என்றார்.

"எங்க அண்ணியே அந்தப் பக்கத்து ஊருதான் சார். அவுங்க பங்குலருந்துதான் கேக்கறேன்."

நன்றாகத் தமிழ் பேசுகிறவர்தான். மாட்டிக்கொண்டால் தெலுங்குக்குப் போய்விடுவார். "நேனேம் சேஸ்தானம்மா" என்று கையை விரித்தார். நான் என்ன செய்வேன் என்கிறார். ஒரு விரல் போதும், அந்த அரக்கைப் பெயர்க்க. நான் பெயர்க்கப் போனேன். ஸ்டோர் வாசலில் இருந்த பியூன்கள் என் இரண்டு கையையும் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். டவுன் கடைகளில் அந்த மருந்து இல்லை. மெட்ராஸுக்கு வாங்கப் போன அண்ணன் மருந்தோடு வந்து இறங்கியபோது, அண்ணியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கொஞ்ச நாளில் பீரோவும் லாரி ஏறி, நாங்கள் அவளைக் கொண்டுபோன அதே சாலையில், அவள் ஊர்ப் பக்கமே போனது. முத்திரை கொஞ்சமும் கலையாமல் போய்ச் சேர்ந்ததாம். அதற்காகச் சூப்பரின்டெண்டைப் பாராட்டினார்களாம். 

அந்தப் பிள்ளையை நான்தான் வளர்த்தேன். இப்போது திருப்பதியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான், நானும் அவனோடுதான் இருக்கிறேன். சாயங்காலத்தில் கடையில் உட்கார்ந்திருப்பேன். சளி என்று ஒருவன் வருவான், பேதி என்று ஒருத்தி வருவாள். சீட்டும் கிடையாது, டாக்டரும் கிடையாது. இவன் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ரெண்டு மாத்திரை, மூணு மாத்திரை என்று கடலைமிட்டாய் மாதிரி கொடுப்பான்.

போன மாதம் தெரிந்த லேப் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பெண் ஒரு தட்டைக் காட்டினாள். யாரோ ஒரு கிழவரின் கால் புண்ணில் எடுத்ததாம். நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத மருந்துகளின் தாள்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைச் சுற்றியும் வட்டம் இல்லை. தட்டு முழுக்க ஒரே மொய்ப்பு. தொட்டதற்கெல்லாம் ரெண்டு மூணு மாத்திரை வாங்கித் தின்றே கிருமிக்கு எல்லா மருந்தும் பழகிவிட்டது என்றாள்.

அன்றைக்கே கடையில் வந்து கத்தினேன். வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே சொன்னான்: "வந்து கேக்கறாங்க, குடுக்கறேன். நா குடுக்கலன்னா பக்கத்துக் கடைல வாங்கித் துன்னப் போறாங்க. நா இன்னா பண்ணட்டும் அத்த?"

அந்த மனிதர் தெலுங்கில் சொன்னதை என் பிள்ளை தமிழில் சொல்கிறான். அவரைப் போலவே கையையும் விரித்தான். கத்தரிக்கோலைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்கம்மாவுக்கு அந்தத் தட்டுல ஒரு வட்டம் இருந்துச்சுடா" என்றேன். "பொறந்தப்போ உனக்குப் போட்ட கைவளையல் அளவுக்கு இருந்துச்சு."