ஆபீசர் வரும் நாளில் மேட்னி

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் நானும் என் அக்காவும் வேலை பார்த்தோம். சுக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து தரம் பிரிக்க வேண்டும். வாயில் துணி கட்டியிருந்தாலும் சாயங்காலம் துப்பினால் மண்ணாகத்தான் வரும்.

எங்கள் எல்லோரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். சேர்த்தால் வைத்தியம் உண்டு, நோயில் படுத்திருக்கும் நாளுக்குக் கொஞ்சம் கூலியும் உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் முதலாளியும் பங்கு கட்ட வேண்டுமே! அந்த மகராசனுக்கு மனசு வரவில்லை. பாதிப் பேரைச் சேர்த்தார். மீதிப் பேரை, ஆபீசர் சோதனைக்கு வரும் நாளில் பள்ளுருத்திக்கு மேட்னி பார்க்க அனுப்பிவிடுவார். டிக்கெட்டும் கொடுத்து, கூலியும் கொடுத்து.

நாங்கள் என்ன செய்தோம்? ஆபீசர் எப்போது வருவார் என்று ஏங்கினோம். உள்ளே இருந்தவர்களைக் கேலி செய்தோம். பாவம், கூலியிலும் பிடித்தம், படமும் கிடையாது! அக்காவின் பெயரைச் சேர்க்கத்தான் இருந்தார்கள். அவளே மேஸ்திரியிடம் போய், "எனக்குப் பிடித்தமெல்லாம் வேண்டாம் சேட்டா, நானும் படத்துக்கே போறேன்" என்றாள். மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்குக் காசநோய் வந்தது. அதே நோய் வந்த இன்னொருத்தி இ.எஸ்.ஐ. புண்ணியத்தில் வீட்டில் படுத்துத் தேறினாள். அக்கா தர்மாஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, இருமிக்கொண்டே சுக்குத் தேய்த்தாள்.

கடைசியில் முதலாளியிடமே போய்க் கேட்டோம். அவர் கோபப்படக்கூட இல்லை. "நீதானே வேண்டாம்னு சொன்னது? நான் நிர்ப்பந்திச்சேனா?" என்றார். அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். நான் வேலைக்குத் திரும்பிய வாரமே ஆபீசர் வந்தார். மேஸ்திரி டிக்கெட்டை நீட்டினார்.

"நான் உள்ளேயே இருக்கேன் சேட்டா. என் பேரையும் எழுதச் சொல்லுங்க."

"இருந்துக்கோ. நாளையிலேருந்து வரவேண்டாம், கேட்டியா?"

வீட்டில் அக்காவின் பிள்ளைகள் என் கையைத்தான் நம்பியிருந்தன. வாங்கிக்கொண்டு போனேன். அது சிரிப்புப் படம். எங்கள் கிடங்குப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொருத்தியையும் அறைய வேண்டும் போலிருந்தது. அக்காவும் அப்படித்தான் சிரிப்பாள்.