திருக்கல்யாணம் இல்லாத கடைசி அத்தியாயம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வீதியும் தண்டவாளமும்தான் இருக்கின்றன. ரயில் போகும்போது எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்போம், ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். புதிதாக வருகிறவர்கள், இவர்களுக்குத் திடீரென்று என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். என் கலியாணம் நடப்பதா இல்லையா என்பதில் அந்த ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லுவார். வந்த சம்பந்தம் எல்லாவற்றிலும் பிழை பிடித்துத் திருப்பி அனுப்பினேனாம். உண்மையில் ஒன்றே ஒன்றுதான் சரிவரும் போல இருந்தது. நாள் பார்த்து மண்டபமும் விசாரித்த பிறகு, அந்த வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன்: பெரிய பொய்யோ சின்னப் பொய்யோ, பொய் சொன்னவன் வேண்டாம். அப்பா இல்லாத வீடு. முடிவெடுப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். அம்மா அந்தச் சட்டத்துக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கொட்டாஞ்சேனைச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. தாயும் அவரும் மட்டும் இருக்கும் வீடு. சாதகம் நன்றாகப் பொருந்தியது. கோயில் வீதியில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் நடிக்கும் சடங்கும் நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் கதைத்துப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் போன் நம்பர்களைக் கொடுத்தார்கள். ஆனால் ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். ஆடியில் ஒருவரும் கலியாணம் பேசுவதில்லை. தவிர, அவர்கள் கையில் இன்னொரு சம்பந்தமும் காத்திருக்கிறது என்று புறோக்கர் மாமி அம்மாவின் காதில் போட்டிருந்தார்.

முதல் நாள் போனில் அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். நானும் கேட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டிருந்தோம். அதோடு கதை முடிந்துவிட்டது. வாயைத் திறந்து எதையாவது சொல்ல வேண்டுமே என்று, நான் அனிமே பார்க்கிறவள் என்றேன். இப்போது எதைப் பார்க்கிறீர்கள் என்றார். விண்வெளி, ரோபோ, பாட்டு எல்லாம் கலந்த ஒரு தொடரைத் தொடங்க நினைத்திருப்பதாகச் சொல்லி அதன் பெயரையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நானும் இன்னும் பாக்கல்ல. சேர்ந்து பாப்பமா?" என்றார்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் பார்ப்பது என்று முடிவானது. போன் ஸ்பீக்கரில் இருக்கும். அவர் அங்கே கொட்டாஞ்சேனையில், நான் இங்கே. அவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவோம். அம்மா வெங்காயம் உரிக்கிற சாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருப்பார். காவலுக்கு இருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கமும் குக்கர் விசில் சத்தத்தோடு ஒரு தாய் இருப்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது.

கதை இதுதான். பூமியை விட்டு வந்த ஒரு கப்பல் கூட்டம் குடியிருக்க இடம் தேடி அலைகிறது. அதைக் காக்க மலை மலையாக ரோபோக்கள். அவை எண்ணெயில் ஓடுவதில்லை, பாட்டில் ஓடுகின்றன. பாடகி கப்பலில் நின்று பாட வேண்டும். ரோபோவுக்குள் இருக்கும் விமானி அதே தாளத்தில் முணுமுணுக்க வேண்டும். தாளம் தப்பினால் ரோபோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாடகி ஒருத்தி உலகப் புகழ் பெற்றவள். இன்னொருத்தி கன்ரீனில் தட்டுக் கழுவுகிறவள், அவளுக்கும் குரல் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. நடுவில் விமானி, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறான்.

"இதில என்ன பிரச்சினை? முருகனுக்கு ரெண்டு பேர் இல்லையோ?" என்றார் அம்மா.

போனுக்குள் இருந்து மாப்பிள்ளையின் தாய் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் விட அவர்கள் இரண்டு பேரும்தான் கூடக் கதைத்தார்கள். அம்மாவுக்குக் கதை பிடிபட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில், முக்கால்வாசி முடிந்த பிறகு, கன்ரீனில் தட்டுக் கழுவும் அந்த நீலத் தலைமயிர்க்காரி இவனுக்கு என்ன முறை என்று கேட்டார். விடிய விடிய இராமர் கதை, விடிந்த பிறகு இராமருக்குச் சீதை என்ன முறை என்பார்களே, அதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

கடைசி அத்தியாயங்கள் நெருங்கியபோது அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் நானும் இல்லை. எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு வாரம் கதை சொல்லாமல் கொள்ளாமல் பல நூறு வருடம் பின்னால் போனது. அடுத்த வாரம், இவ்வளவு நாளும் எதிரி என்று சுட்டுத் தள்ளிய உயிர்கள் பாட்டைக் கேட்க வந்தவை என்றார்கள். கன்ரீன்காரி பாடினால் புகழ்பெற்றவளின் வாய் அசைந்தது. நான் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிழை பிடிப்பது தொழிலாக இருந்தும், பிழை கதையிலா என் மண்டையிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதைவிட அந்த மனிதர்தான் எனக்குப் பெரிய குழப்பம். திடுக்கிடும் இடங்களில் நான் கத்துவேன், அவர் கத்தமாட்டார். போன் அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அமைதியாக இருப்பார். ஒருமுறை, பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா என்று காரணமில்லாமல் கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு சாவு வந்து நான் அழுது தொலைத்தேன். எவ்வளவு தன்மையான ஆள் என்று நினைத்தேன். வேலைக்குப் போகும்போது காலி வீதி பஸ்ஸில் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பிடித்திருப்பது பாட்டையா, அவரையா, சனிக்கிழமையையா? அம்மா ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லைக் கேட்டு நச்சரித்தார். கடைசி அத்தியாயம் முடியட்டும், சொல்கிறேன் என்று தவணை வாங்கினேன். அவரும் தன் வீட்டில் அதையே சொல்லியிருந்தாராம்.

அந்தச் சனிக்கிழமை அம்மா வெங்காயத்தைக்கூட எடுத்துவரவில்லை. கடைசிச் சண்டை. புகழ்பெற்ற பாடகிக்குக் குரல் போய்விட்டது. கன்ரீன்காரி பாடினாள். விமானி அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய வெளிச்சம் ஒன்றுக்குள் ரோபோவைச் செலுத்தினான். கப்பல்கள் எல்லாம் தப்பின. அவன் வரவில்லை. அவள் தன் பங்குப் பாதிப் பாட்டைப் பாடி, அவனுடைய பாதிக்காக நிறுத்தினாள். பதில் இல்லை. அப்படியே, பாட்டும் இல்லாமல், பெயர்கள் ஓடத் தொடங்கின.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரீவியை அணைக்க ரிமோட்டை எடுத்தேன். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டது. அது போனுக்குள்ளாலும் கேட்டிருக்க வேண்டும்.

"அப்பிடியே நிப்பாட்டி வைங்க," என்று அவசரமாகச் சொன்னார் அவர். "ட்ரெயின் போகட்டும். பேர் ஓடி முடிஞ்ச பிறகு ஒரு சத்தம் வரும். அதக் கட்டாயம் கேக்கணும்."

நிறுத்தினேன். ரயில் போனது. மறுபடி ஓடவிட்டோம். பெயர்கள் முடிந்து, கறுத்த திரையில், யாரோ முணுமுணுக்கும் சத்தம் வந்தது. அந்தப் பாட்டின் மற்றப் பாதி. மிக மெல்லிய சத்தம். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததைப் போடு என்றார். அடுத்தது இல்லை என்றேன்.

"சூரன்போர் முடிஞ்சா அடுத்த நாள் திருக்கல்யாணம் இருக்கவேணும் பிள்ளை. அதைப் பாக்காமல் ஆர் வீட்டை போறது? நீ எங்கயோ ஒண்டை விட்டிட்டாய், வடிவாத் தேடு."

நான் தேடினேன். உண்மையிலேயே தேடினேன், எனக்கும் ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்ற ஆசை இருந்தது. இல்லை. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. கலியாணம் பேசுகிற நேரத்தில் ஒரு கதையைப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்துவது சரியில்லை என்றார். போனுக்குள் அவருடைய தாயும் அதை ஒத்துக்கொண்டார். புராணம் படித்து முடித்தால் ஏட்டைக் கட்ட முன்னம் முதல் பாட்டை ஒருமுறை திரும்பப் படிப்பார்கள், அதுபோல முதல் அத்தியாயத்தையாவது கொஞ்சம் போட்டுவிட்டு எழும்புவோம் என்று இரண்டு தாய்மாரும் பரிகாரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது காதில் ஏறவில்லை. பெயர் ஓடி முடிந்த பிறகு சத்தம் வரும் என்று இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அந்த அமைதி, தண்ணீர், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

"நீங்கள் இதை முந்திப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

தாய்மார் பேச்சை நிறுத்தினார்கள். ஓம், முதலே பார்த்திருக்கிறேன் என்றார் அவர். நான் போனை வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு எங்கள் சட்டம் ஞாபகம் இருந்தது. பொய் என்றால் பொய்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். புறோக்கர் மாமி அன்றிரவு போன் எடுத்தபோது, அம்மா ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார். ஆடிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கோபம், ஆனால் கோபம் ஒரு இடத்தில் நிற்க மறுத்தது. முந்தியவன் ஒரு மனைவியை மறைத்தான். இவர் மறைத்தது ஒரு கார்ட்டூனை. என் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு ஒன்றும் இல்லை. சின்னப் பொய்யும் பொய்தான் என்று எழுதியதே நான்தானே? இதில் அவருக்கு என்ன லாபம்? இன்னொன்றும் உறைத்தது. அந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் கத்தியதையும் அழுததையும் அம்மாவோடு சண்டை பிடித்ததையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அதை நினைக்க ஆத்திரமும் வந்தது, வெட்கமும் வந்தது. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

அவர் ஒரு வரிகூட அனுப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அம்மா கதிரையைப் போட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். நான் போனை எடுத்தேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று நேரே கேட்டேன். ஸ்பீக்கரில்தான் கேட்டேன், அம்மாவும் கேட்கட்டும் என்று.

"மொத தடவ தனியாத்தான் பாத்தேன்," என்றார். "அந்தச் சத்தம் அவனுடையதா இல்லையான்னு கேக்க எனக்கு ஒருத்தரும் இருக்கல்ல. நீங்க அந்தப் பேரச் சொன்ன உடன, பாத்துட்டேன்னு நான் சொல்லியிருந்தா, நீங்களும் தனியாத்தான் பாத்திருப்பீங்க."

திட்டுவதற்கு ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்திருந்தேன். அதைக் கொட்ட வாயைத் திறந்தேன். அப்போது ரயில் வந்தது. நான் பேசாமல் நின்றேன். அவரும் பேசாமல் இருந்தார். எங்கள் வீட்டு ரயிலுக்கு எப்படிப் பொறுத்திருப்பது என்று வெளியாள் ஒருவர் பழகியிருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

ரயில் போன பிறகு, "அது ரோபோவில பதிவான சத்தம். அவன் செத்திட்டான்," என்றேன்.

"இல்ல. உயிரோட இருக்கான்."

பதிவு என்றால் ஏன் தாளம் கொஞ்சம் பிந்துகிறது என்று கேட்டார். வெளிச்சத்துக்குள் போனவன் எப்படித் திரும்புவான் என்று நான் கேட்டேன். அரைமணி நேரத்துக்கு மேல் சண்டை பிடித்தோம். யார் சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. நேற்றும் சோற்றுக் கோப்பையோடு அதையே பேசினோம்.

அன்று, கதைத்துக்கொண்டே நான் ரீவியைப் போட்டு முதலாம் அத்தியாயத்துக்குப் போனேன். இனி நான்தான் எண்ணுவேன் என்றேன். அவர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மூண்டு. ரெண்டு. ஒண்டு."

பாட்டுத் தொடங்கியது. அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு எழும்பினார். என்னிடம் ஓமா இல்லையா என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனோடு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஆடி பிறக்க முன்னம் சம்பந்தத்தைப் பேசி முடிக்க ஏதாவது நல்ல நாள் கிடக்கிறதா என்று புறோக்கர் மாமியிடம் கேட்பது எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.